இல்லத்துச் சுவரும் இன விடுதலையும்

ஒரு வீட்டிற்குள் நுழைந்ததும் நம் கண் சுவரை நோக்குகிறது. அங்கு மாட்டப்பட்டுள்ள படங்களைக் கொண்டே அவ்வீட்டார் யாரைப் போற்றுகின்றனர் என்பதை ஒருவாறு அறிகிறோம். இன்று புகைப்படத்தையும் ஓவியத்தையும் கணிப்பொறியின் துணையால் கித்தான் துணியிலேயே அச்சிட்டு, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுவரில் மாட்டும் வழக்கம் பரவியுள்ளது. இதனை முற்றிலும் புதுமை எனப் பலர் எண்ணுவர். ஆயின், ஓவியம் போலவே தோன்றும் அச்சுப் படத்தை எளியோர் இல்லத்திற்குக் கொண்டு செல்லும் முயற்சி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. அவ்வரலாற்றில் ஒடுக்கப்பட்ட மக்களாகிய நாம் கருத்தூன்றிப் படிக்கத்தக்க பகுதி ஒன்று உண்டு. அதனை இவ்வெள்ளி விழா மலர் வாயிலாக நம் இளைஞர் முன் வைக்கிறோம்.

கல்லில் பிறந்த வண்ணப் படம்

எண்ணெய் வண்ண ஓவியம் முற்காலத்தில் அரசர்க்கும் செல்வர்க்குமே உரியதாயிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் அலாய்ஸ் செனஃபெல்டர் என்பார் கல்லச்சு முறையைக் கண்டறிந்தார். எண்ணெயும் நீரும் ஒட்டா என்பதே அதன் அடிப்படை. சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள கோலால் வரைந்து, கல்லை நீரால் நனைத்து, மையை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டுமே மை பிடிக்கும். 1837இல் பிரான்சு நாட்டினரான எங்கெல்மன் வண்ணக் கல்லச்சுக்குக் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல் வேண்டும். ஒரே தாளை அத்தனை கற்களின் மேலும் இம்மியும் பிசகாமல் வைத்து அழுத்த வேண்டும்.

இத்தொழிலை அமெரிக்காவில் பெரிதும் வளர்த்தவர் லூயி பிராங். 1850இல் ஐரோப்பாவிலிருந்து அங்குக் குடியேறிய இவர், பாஸ்டன் நகரில் அச்சகம் நடத்தினார். கித்தானின் இழைவரிகள் தோன்றும்படி தாளை அழுத்தி, மேலே வார்னிஷ் பூசி, எண்ணெய் ஓவியமோ என மயங்கும் வண்ணம் படங்களை வெளியிட்டார். சில டாலர்களுக்கு அவை கிடைத்தமையால் நடுத்தரக் குடும்பங்களின் சுவர்களையும் அவை அணி செய்தன.

ஒரு படமும் ஒரு கடிதமும்

1865இல் அமெரிக்காவில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில், 1870 பிப்ரவரி 25ஆம் நாள், மிசிசிப்பி மாநிலத்தின் சார்பில் ஹைரம் ரெவல்ஸ் செனட் சபையில் உறுப்பினராக அமர்ந்தார். அச்சபை கண்ட முதல் கறுப்பின உறுப்பினர் அவரே. அவர் போதிய காலம் குடிமகனாக இருந்ததில்லை என வாதிட்டுச் சிலர் தடுக்க முயன்றனர். 48 பேர் ஆதரித்தும் 8 பேர் எதிர்த்தும் வாக்களிக்க, அவர் சபை ஏறினார்.

ஓவியர் தியோடோர் காஃப்மன் தீட்டிய ரெவல்ஸின் உருவத்தைப் பிராங் அவ்வாண்டிலேயே வண்ணப் படமாக அச்சிட்டார். அதனைக் கண்டு மகிழ்ந்து அவருக்குக் கடிதம் எழுதியவர் பிரடெரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பியோடி, தாமே கற்று, எழுத்தாலும் பேச்சாலும் தம் மக்களின் விடுதலைக்கு உழைத்த பெருமகன் அவர். கறுப்பினத்தவரைக் குரங்கின் சாயலில் வரைந்து நகைத்த நாடு அது. அந்நாட்டில் வெளிவந்த இப்படத்தைப் பார்ப்பவர் எத்தகைய வெறுப்புடையவராயினும், இவர் ஒரு மனிதர் என ஒப்புக்கொண்டே தீர வேண்டும் என்று அவர் எழுதினார். வறுமையும் அடிமைத்தனமும் சூழ்ந்த வீட்டில் படங்களுக்கு இடமில்லை. இனி எம் மக்களின் சுவர்கள் அவர்தம் மாறிய நிலைக்குச் சான்று கூறும் என்பதும் அக்கடிதத்தின் கருத்தாகும்.

சுவர் மட்டும் போதுமா?

வரலாறு இத்துடன் நின்றுவிடவில்லை. 1890இல் மிசிசிப்பி புதிய அரசியல் சட்டம் ஒன்றை இயற்றியது. வாக்களிக்கத் தலைவரி கட்ட வேண்டும். அரசியல் சட்டப் பகுதியைப் படித்துக் காட்டவோ பொருள் கூறவோ வேண்டும் என விதிகள் வகுக்கப்பட்டன. கல்வி மறுக்கப்பட்டிருந்த மக்களிடமிருந்து கல்வியின் பெயராலேயே வாக்குரிமை பறிக்கப்பட்டது. 1881 முதல் 1967 வரை செனட் சபையில் ஒரு கறுப்பின உறுப்பினர்கூட இல்லை. சுவரில் ஏறிய முகம் தானாகவே உரிமையைக் காத்துவிடாது என்பதை இது தெளிவாக்குகிறது. ரெவல்ஸ் பெருமகனார் இதனை முன்பே உணர்ந்தவர் போலும். பதவிக் காலம் முடிந்ததும் அவர் ஏற்றது கறுப்பின மாணவர்க்கெனத் தொடங்கப்பெற்ற ஆல்கார்ன் கல்லூரியின் தலைமைப் பொறுப்பு.

நம் நாட்டில்

அமெரிக்க மக்களின் இப்போராட்டம் நம் நாட்டவர்க்குத் தொலைவானதன்று. மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலை, அடிமை ஒழிப்பிற்கு உழைத்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். வண்ணக் கல்லச்சும் இங்கு வந்தது. இரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் ஓவியங்களைப் பல்லாயிரக்கணக்கில் அச்சிட்டார். கோயில் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டோரும் தெய்வ உருவத்தை விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைக்கும் வாய்ப்பு அதனால் பிறந்தது.

பின்னர் நம் சுவர்களில் அண்ணல் அம்பேத்கர் எழுந்தருளினார். நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அவர் படம் திறக்கப்பட்டது 1990இல்தான். அதற்குப் பல்லாண்டுகள் முன்பே நம் மக்களின் குடிசைச் சுவர்களில், நாட்காட்டித் தாளாகவும் கண்ணாடி போட்ட படமாகவும் அவர் இடம் பெற்றுவிட்டார். எந்த அரசும் ஆணையிட்டு மாட்டிய படமன்று அது. ஏந்திய நூலுடன் அவர் காட்சி தரும் படமே அவற்றுள் மிகுதி. தம் நூல்களை வைப்பதற்கெனவே பம்பாயில் இராஜகிருஹம் என்ற இல்லத்தைக் கட்டிய அறிஞர்க்கு அது பொருத்தமான கோலமே. மாலை அந்தப் படத்திற்கு. உழைப்போ அந்த நூலுக்கு உரியதாதல் வேண்டும்.

இளைஞர்களே! கல்லச்சில் ஆயிரம் படி அடித்தால்தான் விலை கட்டும். ஆதலால் புகழ் பெற்றோர் முகமே அச்சேறியது. இன்றைய கித்தான் அச்சில் ஒரே ஒரு படியும் எடுக்கலாம். மங்கிய சிறு புகைப்படத்தையும் திருத்திப் பெரிதாக்கலாம். நம் மூதாதையருள் புகைப்படம் உடையோர் மிகச் சிலரே. இருக்கும் படங்களும் தகரப் பெட்டிகளில் கரையான் அரித்து அழிகின்றன. அவற்றைத் தேடி எடுங்கள். தலைவர் படத்தின் அருகில், உங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளி சென்றவரின் படத்தையும், உங்கள் தெருவில் முதன்முதல் பட்டம் பெற்ற பெண்ணின் படத்தையும் மாட்டுங்கள். நேர் வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். படத்தின் பின்புறம் பெயரையும், ஊரையும், படித்த பள்ளியையும், ஆண்டையும் தெளிவாக எழுதி வையுங்கள். இச்சங்கத்தின் பொன்விழா மலரை எழுதப் போகிறவர்க்கு அதுவே முதல் ஆவணமாக அமையும்.