தன் தோலே தனக்குத் துணை

தீப்பட்டு உடலெல்லாம் வெந்து கிடக்கும் குழந்தையைக் கண்டு, 'தலையெழுத்து' என்று பெருமூச்சு விடுவது எளிது. 'முற்பிறப்பில் செய்த வினை' என்று கூறிவிட்டு நகர்வது அதனினும் எளிது. 'இந்தப் புண் ஏன் ஆறவில்லை?' என்று கேட்பதுதான் கடினம். அந்தக் கடினமான கேள்வியைக் கேட்டோரின் வரலாற்றையே நாம் ஈண்டுக் கூற விழைகிறோம்.

தோல் வெறும் போர்வையன்று. உடலின் நீர் வெளியேறாமலும், நோய்க் கிருமி உட்புகாமலும் காக்கும் கோட்டை மதில். தீ மேலாகச் சுட்டால், எஞ்சிய உயிரணுக்கள் பெருகி மதிலை மீண்டும் எழுப்பிவிடும். ஆழச் சுட்டாலோ எழுப்புவதற்கு ஆளே இல்லை! 1869-இல் பாரிசில் ரெவெர்தின் என்னும் இளம் மருத்துவர், நோயாளியின் தோலிலிருந்தே சிறு துணுக்குகளை எடுத்து அவருடைய புண்ணின்மீது பதித்தார். துணுக்குகள் வேரூன்றின, புண் மூடியது.

ஆனால், உடல் முழுதும் வெந்தவனிடம் எடுப்பதற்குத் தோல் ஏது? பிறர் தோலை ஒட்டினால் என்ன? இரண்டாம் உலகப் போரின்போது கிளாஸ்கோ நகரில் கிப்சனும் மெடவாரும் அதனை ஆராய்ந்தனர். தீப்புண்பட்ட ஒரு பெண்ணுக்கு, அவருடைய உடன்பிறந்தவரின் தோலை ஒட்டினர். சின்னாட்களில் அது அழிந்தது. மீண்டும் ஒட்டினர், முன்னிலும் விரைவாக அழிந்தது. உடன்பிறந்தார் தோலையும் உடல் அயலதென்றே ஒதுக்குகிறது என்பதை 1943-இல் உலகுக்கு உரைத்தனர். குலம் கோத்திரம் பார்த்துப் பெருமை பேசுவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்!

பிறர் தோல் நிலைக்காது; தன் தோலோ போதாது. அப்படியாயின், தன் தோலை வளர்த்தால் என்ன?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அவர்ட் கிரீன் என்பவரும், அவர் மாணவர் ரைன்வால்டும் இதற்கு வழி கண்டனர். அவர்கள் தேடிச் சென்றது தோலை அன்று. சுண்டெலியின் கட்டி ஒன்றை ஆய்ந்துகொண்டிருந்தனர். அதில் தோலணுக்களை ஒத்த அணுக்கள் தழைத்திருக்கக் கண்டு, காரணம் தேடினர். தனித்து வளர மறுக்கும் மனிதத் தோலணு, கதிர்வீச்சால் பெருக்கம் நிறுத்தப்பட்ட சுண்டெலி அணுக்களின் துணையோடு ஆய்வுத் தட்டில் செழித்து வளர்ந்தது. மனிதத் தோலுக்குச் சுண்டெலி செவிலித்தாய்! 1975-இல் இந்த முறை வெளியாயிற்று. மூன்று நான்கு வாரங்களில், சிறு துணுக்குப் பல்லாயிரம் மடங்கு பரப்பாக விரிந்தது.

1983-இல் ஐந்தும் ஆறும் வயதான சகோதரர் இருவர், உடலில் நூற்றுக்குத் 95 பங்குக்கு மேல் வெந்த நிலையில் பாஸ்டன் நகருக்குக் கொணரப்பட்டனர். அந்நாள்வரை அது சாவோலை. அக்குளில் தீ தீண்டாதிருந்த இடத்திலிருந்து இரண்டு சதுர சென்டிமீட்டர் அளவே தோல் எடுத்தனர். அதனை வளர்த்து, மெல்லிய ஏடுகளாக்கி, வாசலின் தடவிய துணியில் ஏற்றி, புண்ணின்மீது பரப்பினர். உடற்பரப்பில் ஏறத்தாழப் பாதியை அந்தத் தோல் மூடிற்று. சிறுவர் இருவரும் பிழைத்தனர்!

குறைகளை நாம் மறைக்க மாட்டோம். வளர்த்த தோல் மெல்லியது, எளிதில் கிழிவது, அதில் வியர்வைச் சுரப்பியும் இல்லை, மயிரும் இல்லை. செலவோ மிகுதி. ஏழையின் குடிசையிலும் தீப்பற்றும்; அவன் குழந்தைக்கும் இம்மருத்துவம் எட்டும் நாளே அறிவு முழு வெற்றி பெறும் நாள்.

ஆயினும் ஆராய்ச்சி நிற்கவில்லை. 2015-இல் செருமனியின் போகும் நகர மருத்துவமனையில், தோல் உரிந்து உரிந்து சாவை எதிர்நோக்கியிருந்தான் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன். சிரியாவிலிருந்து ஏதிலியராக வந்த குடும்பத்தின் பிள்ளை. பிறவியிலேயே ஒரு மரபணுவில் பிழை. இத்தாலியின் மோதெனா நகர ஆய்வாளர்கள் அவன் தோலணுக்களில் அப்பிழையைத் திருத்தி வளர்த்துத் தந்தனர்; உடலில் நூற்றுக்கு 80 பங்கு புதுத்தோல் பெற்றான். 'பிறவி வினை' என்றே விட்டிருந்தால் அவன் கதி என்னாகியிருக்கும்?

மருந்து வானத்திலிருந்து இறங்கி வரவில்லை. வெந்தவன் உடலிலேயே, கடுகளவு இடத்திலே, காத்துக் கிடந்தது. அதனை வளர்க்கும் அறிவுதான் இல்லாதிருந்தது. இரவல் தோல் உதிர்ந்தது. வளர்த்தெடுத்த தன் தோல் நிலைத்தது. உடலுக்கு மட்டுமா இந்த உண்மை?