ஏடில்லா நூலகம்

காதலியின் கூட்டத்தார் கூடாரம் பெயர்த்துச் சென்றுவிட்ட பாழிடத்தின் முன் நின்று கஸீதாவைத் தொடங்குவது பண்டை அரபுக் கவிஞரின் மரபு. கரிபடிந்த அடுப்புக் கற்களும் மணலில் மங்கிய தடங்களுமே அங்கு எஞ்சியிருக்கும். அந்த எச்சங்களை 'அத்லால்' என்பர். இருந்தவர் இல்லை, அவ்வின்மையே பாட்டின் ஊற்றுக்கண். இதனை அறிந்தோர்க்கு, இக்காலச் சிற்பியர் சிலர் உருவத்தை விடுத்து இன்மையையே வடிப்பது வியப்பளிக்காது.

ஜெர்மனியின் பெர்லின் நகரில், பேபெல் சதுக்கத்தின் தரையில் ஏறத்தாழ நான்கடிச் சதுரக் கண்ணாடி ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. குனிந்து நோக்கின், கீழே ஓர் அறை. சுவரெங்கும் வெண்ணிற அடுக்குகள். சுமார் 20,000 நூல்கள் கொள்ளும் அவ்வடுக்குகளில் ஒரு நூலும் இல்லை. உள்ளே இறங்கப் பார்வையாளருக்கு வழியும் இல்லை. இஸ்ரேலியச் சிற்பி மிக்கா உல்மன் அமைத்த இந்நினைவுச் சின்னம் 1995-இல் திறக்கப்பட்டது.

1933 மே 10-ஆம் நாள் இரவு, நாஜி மாணவர்கள் அச்சதுக்கத்தில் சுமார் 20,000 நூல்களைத் தீயிலிட்டனர். அமைச்சர் கோயபல்ஸ் அங்கே உரையாற்றினார். எரித்தோர் கற்றோர் என்பதே நெஞ்சைச் சுடுகிறது. சதுக்கத்தின் அருகிலேயே பல்கலைக்கழகம் இருந்தது.

சின்னத்தின் அருகே பதித்த தகட்டில், நூலெரிப்பு இறுதியில் மனித உயிரையே பலிகொள்ளும் என எச்சரிக்கும் கவிஞர் ஹைனேயின் கூற்றொன்று உள்ளது. படிப்போர் பலர் அதனை ஜெர்மனியைப் பற்றிய முன்னறிவிப்பாகவே கொள்கின்றனர். உண்மையில் அது, 1823-இல் வெளிவந்த 'அல்மன்ஸோர்' நாடகத்தில் ஹஸன் என்னும் முஸ்லிம் பேசுவது. கிரனாடாவின் சந்தையில் திருக்குர்ஆன் எரிக்கப்பட்டது என்று கேட்டபோது அவன் கூறும் மறுமொழி அது. யூதக் குடும்பத்தில் பிறந்த ஹைனேயின் நூல்களும் 1933-இல் தீக்கிரையாயின.

நாடகம் கற்பனை, நிகழ்ச்சி வரலாறு. 1492-இல் கிரனாடா சரணடைந்தபோது, முஸ்லிம்களின் சமய உரிமை காக்கப்படும் என உடன்படிக்கையில் உறுதியளிக்கப்பட்டது. 1499-இல் அங்கு வந்த தொலேதோப் பேராயர் சிஸ்னெரோஸ் அவ்வுறுதியைப் புறக்கணித்தார். கட்டாய மதமாற்றமும் கலகமும் தொடர்ந்தன. அரபு ஏடுகள் குவித்து எரிக்கப்பட்டன. மருத்துவ நூல்கள் மட்டுமே விலக்குப் பெற்று அல்கலாவுக்குச் சென்றன.

பெர்லினில் எரிந்தவை பெரும்பாலும் அச்சு நூல்கள். அவற்றுக்கு வேறிடங்களில் படிகள் இருந்தன. கிரனாடாவில் எரிந்தவையோ கையெழுத்துப் பிரதிகள். அத்தகைய ஏடொன்று எரியின், அதன் ஓரத்தில் ஆசிரியர் வரைந்த விளக்கமும், அதனை ஓதிக் கொடுத்தோர் பெயர்வரிசையும் உடன் மறையும். மறுபதிப்பு அவற்றை மீட்டுத் தராது.

உல்மன் அடுக்குகளை நிரப்பாது விட்டதன் நியாயம் இங்கே விளங்கும். இழப்பு இழப்பாகவே கண்ணுக்குத் தெரிதல் வேண்டும்.

கிரனாடாவில் ஏடுகள் எரிந்த இடமாகக் கூறப்படும் சதுக்கம் இன்றும் 'பிப்-ரம்ப்லா' எனப்படுகிறது. 'பாபுர் ரம்லா', அதாவது மணல்வாயில், என்னும் அரபுப் பெயரின் திரிபு அது. ஏடுகள் போயின, அவற்றின் மொழியிலிருந்து ஒரு பெயர் எஞ்சிற்று. கவிஞன் நின்று கலங்கிய அத்லாலும் இத்தகையதே.