பாலாவி ஓடுபாதையும் பந்தயத் திடலின் புகையும்

கொஞ்சம் நீளமான பதிவு. ரேஸ் பார்க்கப் போகும் பிள்ளைகளின் வாப்பா, உம்மாமார் கடைசி வரை வாசிக்க வேண்டும்.

கட்டுகுருந்தவில் ரேஸ் என்றால் நம் பகுதி இளைஞர்கள் வேன் பிடித்துப் போகிறார்கள். அதிலே ட்ரேக் ரேஸ் என்று ஒன்று உண்டு. இரண்டு வாகனங்கள் நின்ற இடத்திலிருந்து ஒன்றாகக் கிளம்பி, நேர்ப்பாதையில் யார் முதலில் எல்லையைத் தொடுவது என்பதுதான் போட்டி. அந்தத் திடலுக்கும் நம் பாலாவிக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது.

1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கின. அந்தப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை இலங்கையில் தன் விமானங்களுக்குத் தளங்கள் அமைத்தது. களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்தவில் அமைந்த தளத்துக்கு ‘உகுஸ்ஸா’ என்று பெயர். புத்தளத்தில் அமைந்த தளத்துக்கு ‘ராஜாளியா’ என்று பெயர். இரண்டும் பருந்து, கழுகு இனப் பறவைகளின் சிங்களப் பெயர்கள். புத்தளத் தளத்தில் விமானங்களை இழுக்க யானைகளையும் பயன்படுத்தினார்கள். அதன் படங்கள் இன்றும் இருக்கின்றன.

போர் முடிந்தது. புத்தளம் ஓடுபாதை இன்று விமானப்படையிடம் இருக்கிறது. கட்டுகுருந்த மோட்டார் பந்தயத்துக்கும் திடலானது. இது இலங்கையில் மட்டும் நடந்ததல்ல. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம் போர்க்கால ஓடுபாதையில் 1950களிலிருந்து பந்தயங்கள் நடந்தன. கலிபோர்னியாவில் சாந்தா ஆனா விமான நிலையத்தில் 1950இல் ட்ரேக் ரேஸ் தொடங்கியது. இங்கிலாந்தில் பொடிங்டன் போர்க்கால விமானத்தளம் 1966இல் ‘சாந்தா பொட்’ பந்தயத் திடலானது. நீளமான, நேரான, தட்டையான தரை வேறு எங்கே கிடைக்கும்?

தரையின் கதை இது. எரிபொருளுக்கும் ஒரு கதை உண்டு.

1920களில் அமெரிக்காவில் இயந்திரம் ‘தட்டாமல்’ ஓடுவதற்காகப் பெற்றோலில் ஈயம் கலக்கத் தொடங்கினார்கள். 1924இல் நியூஜேர்சியில் அதைத் தயாரித்த தொழிற்சாலையில் 5 தொழிலாளர்கள் அந்த ஈய நச்சால் இறந்தார்கள். அப்படியிருந்தும் உலகம் அதை விடவில்லை. போர் விமானங்களின் பெற்றோலிலும் ஈயம் இருந்தது. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல்தான் நின்றது. வாகனங்களுக்கு அதைக் கடைசியாக விற்ற நாடு அல்ஜீரியா. அங்கே 2021இல் முடிந்தது. ஆபத்து தெரிந்த பிறகும் ஏறத்தாழ நூறு வருடம்! ஈயம் அதிகம் பாதிப்பது சிறுபிள்ளைகளின் மூளையை. பந்தயத்துக்கென்றே தயாரிக்கும் சில எரிபொருள்களில் இன்றும் ஈயம் கலக்கிறார்கள்.

1950களில் அமெரிக்க ட்ரேக் ரேஸ்காரர்கள் நைட்ரோமீதேன் ஊற்றத் தொடங்கினார்கள். வேகம் கட்டுக்கடங்காமல் போகவே, 1957இல் அங்கத்தைய பந்தயச் சங்கம் அதைத் தடுத்தது. 1963இல் மீண்டும் அனுமதித்தது. அந்தப் புகையில் நைட்ரிக் அமில ஆவி கலந்து வரும். கண்ணீர்ப்புகை பட்டதுபோல் கண் எரியும். அதனால்தான் அங்கே இயந்திரத்தைச் சூடாக்கும்போது பழுதுபார்ப்பவர்கள் வாயு முகமூடி போட்டுக்கொள்கிறார்கள்.

நம் நாட்டில் பெரும்பாலும் ஓடுவது பெற்றோல் வாகனங்கள். அதற்காகப் பயமில்லை என்று நினைக்கக் கூடாது. பெற்றோல் ஆவியில் பென்சீன் இருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் பிடிக்க வேண்டிய இடத்தை அது 200 மடங்குக்கும் அதிகமான வலுவோடு பிடித்துக்கொள்ளும். புறப்படும் கோட்டில் டயரைச் சுழற்றிக் கிளப்பும் வெள்ளைப் புகையும் நெஞ்சுக்குக் கெடுதி.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பந்தயத்தில் கார் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். அதில் 8 வயதுப் பிள்ளையும் ஒன்று. அதற்குப் பிறகு பார்வையாளர் எங்கே நிற்பது என்று நாடே பேசியது. கார் பாயும் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் பேசினோம். புகை அப்படித் தெரிவதில்லை, அதனால் பேசவில்லை. இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றுதான்: தூரம்.

போகிறவர்களுக்குச் சில விடயங்கள்:

1. காற்றைப் பாருங்கள். சோளகமா வாடையா என்று பார்த்துத் தோணி இறக்கும் ஊர்க்காரர் நாம். புகை உங்களை விட்டு விலகிப் போகும் பக்கமாக நில்லுங்கள். கட்டுகுருந்த கடலோரம்தான். காலையில் வீசும் காற்று பின்னேரம் திசை மாறலாம். அப்போது இடத்தையும் மாற்றுங்கள்.

2. புறப்படும் கோடும் வாகனம் பழுதுபார்க்கும் இடமும் புகை கூடிய இடங்கள். செல்ஃபிக்காக அங்கே போய் நிற்க வேண்டாம்.

3. துணி மாஸ்க், சத்திரசிகிச்சை மாஸ்க், என்-95 எதுவும் வாயுவைத் தடுக்காது. என்-95 டயர்ப் புகையின் துகளைக் குறைக்கும், அவ்வளவுதான். கரி வடிகட்டி பூட்டிய முகமூடி பெற்றோல் ஆவியைக் குறைக்கும். ஆனால் காபனோரொட்சைட்டை அதுவும் தடுக்காது.

4. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல் வந்தால் ‘வெயில்’ என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். உடனே நல்ல காற்றுள்ள இடத்துக்குப் போங்கள். குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண் எரிந்தால் கசக்காமல் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள்.

5. ஏசிக்காக நிறுத்திய வேனை ஸ்டார்ட்டில் வைத்துக் கண்ணாடியை மூடிக்கொண்டு தூங்க வேண்டாம். காபனோரொட்சைட்டு அப்படியும் ஆளைக் கொல்லும்.

6. இழுப்பு உள்ள பிள்ளைகள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், இருதய நோயாளிகள் போகாமல் இருப்பதே நல்லது. இழுப்பு உள்ளவர் போயே ஆக வேண்டுமென்றால் பம்ப் சட்டைப் பையில் இருக்கட்டும், வேனில் அல்ல.

ரேஸ் பார்க்கப் போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இளைஞர்களுக்கு இயந்திரத்தில் உள்ள ஆசை நல்ல ஆசை, நாளைய மெக்கானிக்கும் பொறியியலாளரும் அதிலிருந்துதான் வருவார்கள். அவர்கள் நல்ல நெஞ்சோடு வீடு திரும்ப வேண்டும். அடுத்த வேன் புறப்படுவதற்கு முன் இந்த ஆறையும் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள்.