அயனிப் பிணைப்பு: ஒரு கருத்து உருவான வரலாறு (1807–1919)

சோடியம் ஓர் எலக்ட்ரானை இழக்கிறது; குளோரின் அதைப் பெறுகிறது; இரண்டும் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்களுடன் நிறைவடைகின்றன. பள்ளிப் பாடநூல்கள் அயனிப் பிணைப்பை இப்படித்தான் தொடங்குகின்றன. எலக்ட்ரான் முன்னே வருகிறது, அயனி அதன் விளைவாகப் பிறக்கிறது. வரலாற்றில் நடந்தது நேர்மாறு. எலக்ட்ரான் கண்டறியப்படுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அயனி வேதியியலில் குடியேறிவிட்டது. அந்த வரிசையைப் பின்தொடர்ந்தால், எட்டு எலக்ட்ரான் நிறைவைப் பேசும் எண்ம விதி சொல்லாமல் விடும், பிணைப்பின் காரணம் ஒன்று புலப்படும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1807-இல் ஹம்ப்ரி டேவி லண்டனில், உருக்கிய காரங்களின் வழியே மின்சாரம் செலுத்திப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். சேர்மத்தைக் கட்டி வைத்திருப்பது மின்விசையே என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது. சுவீடனின் பெர்சீலியஸ் அதையே ஒரு முழுக் கோட்பாடாக்கினார். டேவியின் உதவியாளராக இருந்த மைக்கேல் ஃபாரடே 1834-இல் அயனி என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அவர் வகுத்த மின்னாற்பகுப்பு விதிகள் இன்னும் ஆழமானவை. ஒரு மோல் சோடியத்தைப் பிரிக்க ஏறத்தாழ 96,500 கூலூம் மின்சுமை வேண்டும். ஒரு மோல் மக்னீசியத்துக்குச் சரியாக அதன் இரு மடங்கு. மின்சுமையும் சிறு அலகுகளால் ஆனது என்பதற்கான சான்று இந்த முழு எண் விகிதத்திலேயே இருந்தது. அதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளிப்படையாக எடுத்துரைக்க 1881 வரை ஆயிற்று.

மின்சாரம் பாயும்போதுதான் அயனிகள் உண்டாகின்றன என்று ஃபாரடே கருதினார். இதை மாற்றியவர் ஸ்வாந்தே அரீனியஸ். உப்சாலாவில் அவர் 1884-இல் அளித்த முனைவர் ஆய்வேட்டுக்குக் குறைந்த தரமே கிடைத்தது. 1887-இல் அவர் தம் கருத்தைத் துணிந்து முழுமையாக முன்வைத்தார்: உப்பு நீரில் கரைந்ததுமே அயனிகளாகப் பிரிகிறது, மின்சாரம் தேவையில்லை. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. சோடியம் நீரைத் தொட்டால் சீறி எரியும் உலோகம், குளோரின் நச்சு வாயு. இரண்டும் உப்புநீரில் எப்படி அமைதியாக இருக்கும்? மின்சுமை ஏற்ற அணு வேறு, ஏறாத அணு வேறு என்பதே அவர் தரப்பின் பதில். கரைசலிலுள்ள துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்த உறைநிலைத் தாழ்வு அவருக்குத் துணை நின்றது: நீர்த்த கரைசலில் ஒரு மோல் உப்பு, ஒரு மோல் சர்க்கரையைப்போல ஏறத்தாழ இரு மடங்கு தாழ்வைத் தருகிறது. 1903-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானை இனங்கண்டார். ஒரு தனிமத்தின் உச்ச நேர், எதிர் இணைதிறன்களின் கூட்டுத்தொகை பெரும்பாலும் எட்டு என்று 1904-இல் ரிச்சர்ட் அபெக் காட்டினார். இவ்விரண்டையும் 1916-இல் இணைத்தவர் வால்தர் கோசெல். ஆர்கானைச் சுற்றியுள்ள தனிமங்களைப் பாருங்கள்: கந்தகம் இரண்டு எலக்ட்ரான்களையும் குளோரின் ஒன்றையும் பெற்று, பொட்டாசியம் ஒன்றையும் கால்சியம் இரண்டையும் இழந்து, யாவும் 18 என்ற எண்ணிக்கையை அடைகின்றன. எலக்ட்ரான் இணையைப் பங்கிடும் பிணைப்பைப் பற்றி கில்பர்ட் லூயிஸ் எழுதியதும் அதே ஆண்டில்தான்.

அதற்குள் படிகத்தின் உள்ளமைப்பும் வெளிப்பட்டிருந்தது. 1913-இல் லாரன்ஸ் பிராக், எக்ஸ் கதிர்களைக் கொண்டு, உப்புப் படிகத்தில் ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரின்களும் ஒவ்வொரு குளோரினையும் ஆறு சோடியங்களும் சூழ்ந்திருப்பதைக் கண்டார். சோடியம் குளோரைடு மூலக்கூறு என்று தனியே ஒன்று அதில் இல்லை. வேதியியலர் சிலருக்கு இது பொறுக்கவில்லை. ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் 1927-இலும் ‘நேச்சர்’ இதழில் இதை மறுத்து எழுதினார்.

எலக்ட்ரான் இடம் மாறுவதன் ஆற்றல் கணக்கு 1919-இல் மாக்ஸ் பார்னும் ஃபிரிட்ஸ் ஹேபரும் வகுத்த சுழற்சியால் தெளிந்தது. என் பார்வையில் இந்த வரலாற்றின் உச்சம் இதுவே. சோடியம் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்க மோலுக்கு 496 கிலோஜூல் செலவாகிறது. அதைப் பெறும் குளோரின் திருப்பித் தருவதோ 349 தான். 147 கிலோஜூல் நட்டம். சோடியத்தை ஆவியாக்க 107, அரை மோல் குளோரின் மூலக்கூறுகளைப் பிளக்க 121 என்று சேர்த்தால் பற்றாக்குறை 375 ஆகிறது. அயனிகள் படிகமாக அடுக்கப்படும்போது வெளிப்படும் ஏறத்தாழ 786 கிலோஜூல் படிகக்கூடு ஆற்றலே இதை ஈடுகட்டி, மேலும் 411 கிலோஜூலை வெப்பமாகத் தருகிறது.

ஆகவே எட்டு எலக்ட்ரான் நிறைவு என்பது எந்த அயனி உருவாகும் என்பதற்கான வழிகாட்டி. பிணைப்பின் காரணம் அன்று. ஆக்சைடு அயனியின் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் உண்டு; இருந்தும் வாயு நிலையில் தனித்து நிற்க அதனால் இயலாது, ஓர் எலக்ட்ரானை உதறிவிடும். மக்னீசியம் ஆக்சைடு போன்ற படிகங்களுக்குள்தான் அது நிலைக்கிறது.