கடல் கடந்த ஸ்காட்லாந்தியரின் குலமூலம்

நதிமூலம் ரிஷிமூலம் ஆராயலாகாது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஆயினும், கனடாவில் குடியேறிய ஸ்காட்லாந்தியரின் வழித்தோன்றல்கள் தம் குலமூலத்தைத் தேடுவதில் தளராத ஊக்கம் காட்டி வருகின்றனர். அவர்கள் தேடும் முறையைச் சிறிது நோக்குவோம்.

1773ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், 'ஹெக்டர்' என்னும் கப்பல் ஏறக்குறைய 200 பேருடன் நோவா ஸ்கோஷியாவின் பிக்டோ துறையை அடைந்தது. அடுத்த நூறாண்டுக் காலத்தில் மலைநாட்டுக் குடியானவர் பல்லாயிரவர் கடல் கடந்தனர். அவருள் பலர், ஆட்டுப் பண்ணைகளுக்காகத் தம் நிலத்தினின்றும் அகற்றப்பட்டவர். ஆனால் 1865ஆம் ஆண்டிற்கு முன் கனடா சேர்ந்த கப்பல்களுக்குப் பயணிகள் பட்டியல் பெரும்பாலும் கிடைப்பதில்லை. சென்றவர் பெயரே எழுதப்படாதபோது, அவர் பிறந்த ஊரை அறிவது எங்ஙனம்?

முதல் துணை ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பழைய ஏடுகள். அவற்றுள் மிகப் பழையது 1553ஆம் ஆண்டினது. எனினும் அவற்றை மட்டுமே நம்பியிருத்தல் இயலாது. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி விதிக்கப்பட்டமையால் பலர் பதியாமலே இருந்துவிட்டனர். 1843இல் திருச்சபை பிளவுபட்ட பின்னர், பிரிந்து சென்றோருடைய குழந்தைகள் பலரின் பெயர்கள் அவ்வேடுகளில் ஏறவில்லை.

1855ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டுப் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசாங்கமே பதியலாயிற்று. இறந்தவருடைய தந்தையின் பெயரோடு தாயின் பெயரும், அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் எழுதப்பட்டமை இப்பதிவின் தனிச்சிறப்பாகும். ஒரே வட்டாரத்தில் மெக்கென்சிகள் பற்பலர். அவர்களைப் பிரித்தறியத் தாயின் பெயரே பெரிதும் உதவுகிறது. இதை நோக்காது, ஒத்த பெயரைக் கண்டதும் உறவு கொண்டாடுவோர் அயலார் பாட்டனைத் தம் பாட்டனாக்கிக் கொள்வர்.

தூரத்து உறவினரின் துணை இங்கேதான் வேண்டப்படுகிறது. 1830ஆம் ஆண்டளவில் புறப்பட்ட ஒருவன் கனடாவிலேயே மாண்டிருப்பான். அவன் இறப்பு ஸ்காட்லாந்து ஏட்டில் இராது. ஆனால் ஊரிலேயே தங்கிவிட்ட அவன் தம்பி 1855க்குப் பின் இறந்திருந்தால், இருவரையும் பெற்றவர்களின் பெயர் அந்தத் தம்பியின் பதிவில் கிடைக்கும். சென்றவனைக் காட்டுபவன் நின்றவனே. அவன் வழியினரிடம் குடும்ப வேதாகமமும் பழைய கடிதங்களும் இருப்பின் பயன் இன்னும் பெரிது.

மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரையும் இடுவது அம்மக்களிடையே பரவியிருந்த வழக்கம். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்னும் பொருளில் 'பெயரன்' என்ற சொல்லை வழங்கும் நமக்கு இது புதிதன்று. ஆயினும் எல்லாரும் இவ்வழக்கைப் பின்பற்றினாரல்லர். ஆகவே இது குறிப்பாகுமேயன்றிச் சான்றாகாது. கேப் பிரெட்டன் தீவின் முதியோர் கேலிக் மொழியில் 'இன்னார் மகன் இன்னார்' எனப் பல தலைமுறைகளை வாய்மொழியாகவே சொல்லி வந்தனர். அதனையும் ஏட்டோடு ஒப்பிட்டே கொள்ளுதல் வேண்டும்.

ஏட்டிலும் பிழை உண்டு. நினைவிலும் பிழை உண்டு. இரண்டும் ஒத்துவரும் இடத்திலேதான், பட்டியலில் பெயரின்றிக் கப்பலேறிய ஏழைக் குடியானவன் மீண்டும் ஊரும் பேரும் உடையவனாகின்றான்.