இணைப்பில் எல்லை எங்கே? தரவு ஒருங்கிணைப்பில் பரிவர்த்தனை எல்லை நகர்ந்த வரலாறு

வெவ்வேறு மூலங்களிலிருந்து வரும் தரவை ஒரே பதிவாக இணைக்கும்போது, ‘முழுவதும் நடந்தது, இல்லையேல் எதுவுமே நடக்கவில்லை’ என்று பரிவர்த்தனை தரும் உறுதி எந்த இடம்வரை செல்லும்? கணினியியலின் வழக்கமான விளக்கம், பல அமைப்புகளைத் தழுவிய பெரிய பரிவர்த்தனை நடைமுறைக்கு ஒவ்வாமல் கைவிடப்பட்டது என்பதே. இணைப்பை அளவுகோலாக வைத்து அதே வரலாற்றைப் படித்தால் வேறு முடிவு கிடைக்கிறது. பரிவர்த்தனை கைவிடப்படவில்லை, அதன் எல்லையை வகுக்கும் பொறுப்பு தரவுத்தளத்திடமிருந்து வடிவமைப்பாளரிடம் கைமாறியது.

ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் ஈஸ்வரன், கிரே, லோரி, டிரெய்கர் ஆகியோர் 1976இல் வெளியிட்ட கட்டுரை, பூட்டுகளை எந்த ஒழுங்கில் எடுத்து விடுவித்தால் தரவு முரண்படாது என்பதை நிறுவியது. இணைக்க வேண்டிய இரண்டு அட்டவணைகளும் ஒரே தரவுத்தளத்தில் இருந்தவரை இணைப்புக்கு அதுவே போதுமானது. தரவு பல கணினிகளில் பரவியபோது, ஜிம் கிரே 1978இல் விவரித்த இருகட்ட கமிட் முறை துணைக்கு வந்தது: ஒருங்கிணைப்பாளர் முதலில் எல்லாத் தரவுத்தளங்களின் சம்மதத்தையும் கேட்டு, பிறகே முடிவை அறிவிப்பார். சென்னை ஐஐடியில் பயின்ற சி. மோகனும் சக ஆய்வாளர்களும் ஐபிஎம்மின் பரவல் தரவுத்தள ஆய்வான ஆர்-ஸ்டார் திட்டத்தில் அதன் செலவைக் குறைத்தனர். வெவ்வேறு தரவுத்தளங்கள் இம்முறையில் இணைய, 1991இல் எக்ஸ்ஏ என்ற பொதுத் தரம் வந்தது. ஆயினும் ஒருங்கிணைப்பாளர் இடையில் செயலிழந்தால், சம்மதம் தெரிவித்துவிட்ட தரவுத்தளங்கள் பூட்டுகளை விடாமல் காத்திருக்க வேண்டும் என்ற குறை நீங்கவில்லை. மேலும், ஒருங்கிணைப்பில் ஒரு மூலம் வெறும் கோப்பாகவோ வேறொரு நிறுவனத்தின் சேவையாகவோ இருக்கலாம். அங்கே நாம் பூட்டுப் போட வழியே இல்லை.

கார்சியா-மோலினாவும் கென்னத் சேலமும் 1987இல் முன்வைத்த ‘சாகா’, நீண்ட வேலையைச் சிறு பரிவர்த்தனைகளாகப் பிரித்து, இடையில் தவறினால் முடிந்தவற்றை ஈடுசெய்யும் செயல்களை இயக்கியது. அதற்கான விலை, பாதி முடிந்த நிலை பிறர் கண்ணில் படுவது. பாதி நிலையை எங்கே வைப்பது என்ற சிக்கல் செய்திவழி ஒருங்கிணைப்பில் கூர்மையாகத் தெரிகிறது. ஹோப், உல்ஃப் இருவரும் 2003இல் வெளியிட்ட நூலில் வரும் ‘அக்ரிகேட்டர்’ தொடர்புடைய செய்திகளைத் திரட்டி ஒன்றாக்குகிறது. ஒவ்வொரு செய்தியும் தன் பரிவர்த்தனையுடன் வருகிறது. ஆனால் முதல் செய்தியின் பரிவர்த்தனையைக் கடைசிச் செய்தி வரும்வரை திறந்து வைத்திருக்க முடியாது. ஆகவே வந்ததை நிலையான சேமிப்பில் எழுதி அந்தப் பரிவர்த்தனையை அங்கேயே முடித்துவிட்டு, தொகுப்பு நிறைந்ததும் புதியதொன்றைத் தொடங்க வேண்டும். சேமிக்கும் முன்பே ஒப்புகை அனுப்பிவிட்டால், இடையில் நேரும் கோளாறில் செய்தி தொலைந்துபோகும். பேட் ஹெல்லண்ட் 2007இல் வாதிட்டதும் இதற்கு நெருக்கமானதே: ஒரு பரிவர்த்தனை ஓர் உருபொருளுக்குள் அடங்கட்டும்; மீண்டும் வரும் செய்தியைப் பயன்பாடே சமாளிக்கட்டும்.

பெரிய பரிவர்த்தனை திரும்பி வந்துவிட்டதே என்று மறுப்போர் உண்டு. கூகுளின் ஸ்பேனர் தரவுத்தளம் 2012இல் அதை உலக அளவில் நிகழ்த்திக் காட்டியது. செய்தி ஓடைத் தளமான காஃப்கா 2017இல் பரிவர்த்தனை வசதியைச் சேர்த்தது. உண்மைதான். ஆனால் ஸ்பேனரின் உறுதி ஸ்பேனருக்குள்ளும், காஃப்காவின் உறுதி காஃப்காவுக்குள்ளும் நிற்கிறது. முடிவை வெளித் தரவுத்தளத்தில் எழுதும் கணத்தில் பழைய கேள்வி மறுபடி எழுகிறது. ஓடைச் செயலாக்கக் கருவியான ஃபிளிங்க் காட்டும் வழி இன்னும் தெளிவானது. சாண்டியும் லாம்போர்ட்டும் 1985இல் வகுத்த நிலைப்பதிவு முறையைத் தழுவி, அது தரவு ஓடையிலேயே எல்லைக் குறிகளை இடுகிறது. துல்லிய உறுதி வேண்டும்போது, இயல்பான அமைப்பில் இணைப்பு முனை இரு ஓடைகளிலிருந்தும் குறி வந்து சேர்ந்த பிறகே தன் நிலையைப் பதிகிறது. இருகட்ட கமிட் இங்கே வெளியீட்டு முனையில் மட்டும் மீண்டும் பயன்படுகிறது.

ஆகவே, உரிமையாளர்கள் வேறுபடும் இடத்தில் எந்தக் கருவியும் தானாக எல்லை வகுத்துத் தராது. இணைப்பு எப்போது நிறைவடைந்ததாகக் கொள்வது, பாதி நிலை எங்கே பதிவாகும், திரும்ப வரும் செய்தியை எந்தத் திறவுகோலால் இனங்காண்பது என்ற மூன்றையும் வடிவமைப்பு ஆவணத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.