பிசின் வார்ப்பச்சு

பிசின் வார்ப்பச்சு என்பது நீர்ம நிலையில் உள்ள செயற்கைப் பிசினை ஊற்றி, அது இறுகிய பின்னர் விரும்பிய வடிவில் வெளியே எடுக்கப் பயன்படும் குழிவான கருவி ஆகும். பதக்கம், காதணி, வளையல், மோதிரம், சாவி வளையம் போன்ற கைவினைப் பொருட்கள் இம்முறையில் செய்யப்படுகின்றன. பேச்சு வழக்கில் அச்சு மோல்டு என்றும், பிசின் ரெசின் என்றும் அழைக்கப்படுகின்றன.

வார்ப்பின் வடிவம், பளபளப்பு, அளவுத் துல்லியம் ஆகிய மூன்றும் அச்சைப் பொறுத்தே அமைகின்றன. இவ்வகைப் பிசின்கள் வெப்பமிறுக்கு நெகிழிகள் ஆகும். மெழுகைப் போல இவற்றை மீண்டும் உருக்கி ஊற்ற இயலாது. ஆகவே பொருந்தாத அச்சில் ஊற்றினால் பிசின், உள்ளே பதித்த பொருள், பல வேளைகளில் அச்சு ஆகிய யாவும் வீணாகின்றன.

வரலாறு

பெல்சியத்தில் பிறந்த அமெரிக்க வேதியியலாளர் லியோ பேக்லேண்டு 1907 ஆம் ஆண்டில் பேக்கலைட்டு என்னும் முழுமையான செயற்கைப் பிசினை உருவாக்கினார். அதன் உறவினமான வார்ப்பு பீனாலிக் பிசின்கள் 1930களில் அமெரிக்காவில் வளையல்களும் பொத்தான்களும் செய்யப் பெரிதும் பயன்பட்டன. கேட்டலின் என்பது இவற்றுள் புகழ்பெற்ற வணிகப் பெயராகும். இப்பிசின்கள் ஈய அச்சுகளில் ஊற்றப்பட்டு, அடுப்பில் நீண்ட நேரம் சூடாக்கி இறுக வைக்கப்பட்டன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பாலியெசுத்தர், எப்பாக்சி பிசின்கள் பரவலாயின. அறை வெப்பநிலையில் இறுகும் சிலிக்கோன் இரப்பரும் சந்தைக்கு வந்தது. இவை இரண்டும் சேர்ந்தே, அடுப்போ உலோக அச்சோ இல்லாமல் வீட்டு மேசையில் நகை வார்ப்பதை இயலச் செய்தன.

அச்சுப் பொருட்கள்

சிலிக்கோன்: இன்று கைவினை வார்ப்பில் மிகுதியாகப் பயன்படுவது இதுவே. இதன் மேற்பரப்பு ஆற்றல் குறைவாதலால் எப்பாக்சி இதில் ஒட்டுவதில்லை. வளைந்து கொடுப்பதால் வார்ப்பை எளிதில் கழற்றலாம். ஏறத்தாழ 200 பாகை செல்சியசு வெப்பத்தையும் தாங்கும்.

பாலியெத்திலீன், பாலிபுரொப்பிலீன்: இவையும் பிசினுடன் ஒட்டாத நெகிழிகள். விலை குறைவு. ஆனால் வளையும் தன்மை குறைந்தவையாதலால் அரைக்கோளம், நீள்சதுரம் போன்ற எளிய வடிவங்களுக்கே ஏற்றவை. பிசின் மிகுந்த வெப்பத்தை வெளியிட்டால் இவ்வச்சுகள் உருமாறக்கூடும்.

இலேட்டெக்சு: இயற்கை இரப்பர் பாலைப் பல படலங்களாகப் பூசிச் செய்யப்படுவது. சுண்ணச்சாந்து, சிமெந்து வார்ப்புகளுக்கு நன்கு பொருந்தும். தெளிவான பிசின் வார்ப்புக்கு ஏற்றதல்ல.

கண்ணாடி, உலோகம், மரம்: எப்பாக்சி சிறந்த ஒட்டுப்பொருளும் ஆகும். எனவே விடுவிப்புப் பூச்சு இல்லாமல் இவற்றில் ஊற்றினால் வார்ப்பு நிலையாக ஒட்டிக்கொள்ளும். நகைகளில் இத்தன்மையே பயன்படுத்தப்படுகிறது. அடிப்பகுதியில்லாத உலோகச் சட்டத்தின் கீழே ஒட்டும் நாடாவை ஒட்டி உள்ளே பிசினை ஊற்றுவர். சட்டம் நகையின் பகுதியாகவே நின்றுவிடும். நாடா மட்டும் உரித்து எடுக்கப்படும்.

பிசினுக்கு ஏற்ற அச்சு

எப்பாக்சி: சிலிக்கோன், பாலிபுரொப்பிலீன் ஆகிய இரண்டுடனும் நன்கு பொருந்தும். மெதுவாக இறுகும், பொதுவாக 24 மணி நேரத்திற்குப் பின்னர் கழற்றப்படுகிறது. முழு வலிமை பெற மேலும் சில நாட்கள் ஆகும். மெல்லிய வார்ப்பை விரைந்து கழற்றினால் அது வளைந்துவிடும்.

பாலியெசுத்தர்: இறுகும்போது மிகுந்த வெப்பத்தை வெளியிடும், சுருக்கமும் அதிகம். இதிலுள்ள சுடைரீன் சிலிக்கோனை நாளடைவில் சிதைப்பதால் அச்சின் ஆயுள் குறைகிறது.

பாலியூரித்தேன்: சில நிமிடங்களிலேயே இறுகும் வகைகள் உண்டு. ஈரம் பட்டால் நுரைத்துக் குமிழிகள் தோன்றும். எனவே அச்சு முற்றிலும் உலர்ந்திருத்தல் வேண்டும்.

புறஊதாப் பிசின்: ஒளி பட்டால் மட்டுமே இறுகும். ஒளிபுகா அச்சில் ஊற்றினால் மேற்பகுதி மட்டும் இறுகி அடிப்பகுதி நீர்மமாகவே இருக்கும். இதற்கு ஒளி ஊடுருவும் சிலிக்கோன் அச்சைத் தேர்ந்து, மெல்லிய அடுக்குகளாக ஊற்றி, இரு புறமும் விளக்கொளி காட்டுதல் வேண்டும். மிகுதியான நிறமி சேர்த்தாலும் ஒளி உள்ளே செல்லாது.

வடிவமும் கடினத்தன்மையும்

வாய்ப்பகுதி குறுகியும் உட்பகுதி அகன்றும் உள்ள அமைப்பு உட்குடைவு எனப்படும். உட்குடைவுள்ள வார்ப்பை விறைப்பான அச்சிலிருந்து எடுக்க இயலாது. அதற்கு மென்மையான சிலிக்கோன் அச்சோ, இரண்டு பாதிகளாகப் பிரியும் அச்சோ தேவை. இரண்டு பாதி அச்சில் பிசின் செல்ல ஒரு வழியும், காற்று வெளியேறத் தனித் துளையும் இருக்கும்.

சிலிக்கோனின் கடினத்தன்மை சோர் ஏ அளவுகோலில் குறிக்கப்படுகிறது. எண் குறையும்போது மென்மை கூடும். கைவினைக்கு விற்கப்படும் வகைகள் பெரும்பாலும் 10 முதல் 40 வரையில் அமைகின்றன. மிக மென்மையான அச்சு நுண்ணிய வடிவங்களை எளிதில் விடுவிக்கும். ஆனால் விரைவில் கிழியும், பெரிய வார்ப்பின் எடையால் பக்கங்கள் பிதுங்கும். கடினமான அச்சு வடிவத்தைக் காக்கும். ஆனால் மெல்லிய இதழ்களைக் கழற்றும்போது உடைத்துவிடும்.

மேற்பரப்பு

வார்ப்பு அச்சின் உட்பரப்பை அப்படியே பிரதி செய்கிறது. உட்பரப்பு கண்ணாடி போல் பளபளத்தால் வார்ப்பும் பளபளக்கும். மங்கலாக இருந்தால் வார்ப்பும் பனி படர்ந்தது போல் தோன்றும். அதனை மணல்தாளால் தேய்த்து மெருகேற்றவோ, மீண்டும் மெல்லிய பிசின் பூசவோ நேரும். சமையலறையில் பயன்படும் பனிக்கட்டி, கேக் அச்சுகள் பல மங்கலான உட்பரப்பு கொண்டவை. உள்ளே பதித்த பூவிதழ் தெளிவாகத் தெரிய வேண்டுமாயின் அவை ஏற்றவையல்ல.

திறந்த அச்சின் விளிம்பில் பிசின் சற்றே மேலேறி நின்று, இறுகிய பின் கூரிய ஓரமாகிவிடும். தோலில் படும் நகைகளில் இவ்வோரத்தைத் தேய்த்து நீக்குதல் அவசியம்.

ஆழமும் கொள்ளளவும்

எப்பாக்சி இறுகும் வினை வெப்பம் உமிழ்வது. ஒரே இடத்தில் பிசின் மிகுந்தால் வெப்பம் வெளியேறாமல் தேங்கி, மஞ்சள் நிறம், குமிழி, வெடிப்பு ஆகியவை தோன்றும். மேற்பூச்சுக்கான எப்பாக்சிகள் பொதுவாக ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அடுக்குக்காகவே உருவாக்கப்பட்டவை. ஆழமான அச்சுக்கு ஆழ்வார்ப்புக்கான பிசினைத் தேர்தல் வேண்டும். அல்லது பல அடுக்குகளாக ஊற்றுதல் வேண்டும்.

அச்சின் கொள்ளளவை நீரால் அளக்கலாம். அச்சை நீரால் நிரப்பி, அந்நீரை எடை பார்த்தால் கிராமில் வரும் எண்ணே மில்லிலீட்டர் கொள்ளளவாகும். கலந்த எப்பாக்சியின் அடர்த்தி ஏறத்தாழ 1.1 ஆகும். எனவே 20 கிராம் நீர் கொள்ளும் அச்சுக்கு ஏறத்தாழ 22 கிராம் பிசின் தேவை. அளந்த பின்னர் அச்சை நன்கு உலர்த்த வேண்டும். எஞ்சிய ஈரம் வார்ப்பை மங்கச் செய்யும்.

சொந்த அச்சு உருவாக்கல்

விரும்பிய வடிவத்தில் அச்சு கிடைக்காதபோது மூலப்பொருளின் மீது நீர்மச் சிலிக்கோனை ஊற்றி அச்சு செய்யலாம். இதில் இரு வகைகள் உள்ளன.

வெள்ளீய வினையூக்கி வகை விலை குறைந்தது. பெரும்பாலான மூலப்பொருட்களின் மீது தடையின்றி இறுகும். ஆனால் காலப்போக்கில் சுருங்கும். சில ஆண்டுகளில் நொறுங்கத் தொடங்கும்.

பிளாட்டினம் வினையூக்கி வகை நீண்ட காலம் உழைக்கும். சுருக்கம் ஏறத்தாழ 0.1 விழுக்காடோ அதற்கும் குறைவோ ஆகும். ஆனால் கந்தகம், வெள்ளீயம், அமீன் ஆகியன பட்டால் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். கந்தகம் கலந்த உருவக் களிமண், இலேட்டெக்சுக் கையுறை ஆகியவற்றாலும் இவ்வாறு நேரும். ஆகவே மூலப்பொருளின் ஒரு மூலையில் சிறிதளவு ஊற்றிச் சோதித்த பின்னரே முழு அளவையும் ஊற்றுதல் வேண்டும்.

சுருக்கம் வளையலில் முதன்மை பெறுகிறது. இந்திய வளையல் அளவான 2.6 என்பது 2 அங்குலமும் 6/16 அங்குலமும், அதாவது ஏறத்தாழ 60 மில்லிமீட்டர் உள்விட்டம் ஆகும். அடுத்த அளவான 2.8 ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே பெரியது. அச்சு 1 விழுக்காடு சுருங்கினால் உள்விட்டம் 0.6 மில்லிமீட்டர் குறையும். அதாவது ஓர் அளவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். உலோகத்தைப் போலப் பிசின் வளையல் வளைந்து கொடுக்காது.

பராமரிப்பு

சிலிக்கோன் தூசியை ஈர்க்கும். ஒட்டும் நாடாவை உட்புறம் ஒற்றி எடுத்தால் தூசி நீங்கும். மென்மையான சவர்க்காரக் கரைசலால் கழுவி உலர்த்தலாம். கத்தி, ஊசி போன்றவற்றால் சுரண்டக் கூடாது. ஒரு கீறல் பின்வரும் ஒவ்வொரு வார்ப்பிலும் தெரியும். அச்சுகளைச் சமதளத்தில், மேலே பாரம் ஏற்றாமல் வைத்தல் வேண்டும்.

பாதுகாப்பு

இறுகாத எப்பாக்சி தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். ஒருமுறை ஏற்பட்ட ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். பின்னர் மிகச் சிறிய அளவும் தோலழற்சியைத் தூண்டும். எனவே நைட்ரைல் கையுறை அணிதல் வேண்டும். பாலியூரித்தேனிலுள்ள ஐசோசயனேட்டு ஆத்துமா நோயை உண்டாக்கக் கூடியது. பாலியெசுத்தரின் ஆவிக்கும் நல்ல காற்றோட்டம் தேவை. இறுகிய வார்ப்பைத் தேய்க்கும்போது நீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. உலர்ந்த நிலையில் தேய்ப்போர் தூசியை வடிகட்டும் முகக்கவசம் அணிதல் வேண்டும்.

பிசின் ஊற்றிய அச்சை மீண்டும் உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது. சமையலறை அச்சை வார்ப்புக்கு எடுத்தால், அதனை அடையாளமிட்டுத் தனியே வைத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

வார்ப்பு
எப்பாக்சி
சிலிக்கோன்
பேக்கலைட்டு